நல்லா சுத்தம் பண்ணி, முழுசா

“உங்க வீட்டுல பேசுறதுக்கு லைசென்ஸ் அக்காவுக்கு மட்டும்தானா? உனக்கு இன்னும் வரலையா?” என்று நர்ஸம்மா ஒரு தடவை என்னைக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டம். அதை வைத்தே எட்டாம் வகுப்புவரை ஓட்டியிருக்கிறேன். ஒன்பதாவதில் வந்த ஆசிரியை, எழுந்து நின்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி ‘உள்ளேன்’ சொன்னால்தான் வருகைப்பதிவு என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் ஆப்செண்ட். ஆப்செண்ட் ஆவதற்கு அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று அக்கா வீட்டோடு தங்கிவிட்டேன்.

நர்ஸம்மா கேட்டதில் தப்பில்லை. தெருமுனையில் இருக்கிற குழந்தைகள் மையத்துக்கு அக்கா தன் மகளைத் தூக்கிக்கொண்டு போவாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பிள்ளைக்கு என்ன வயசு என்று என்னைக் கேட்டாலும் பதில் அக்காவிடமிருந்துதான் வரும். மையத்தில் இரண்டு அறைகள். முதல் அறையில் பிள்ளைகளை அளப்பார்கள். இரண்டாவது அறையில் அளந்ததைச் சொல்லி அம்மாக்களைத் திட்டுவார்கள். இரண்டையும் செய்வது நர்ஸம்மா ஒருவர்தான்.

அக்கா மகளை சுண்டு என்று கூப்பிடுவோம். சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று மாமா, அதாவது அக்கா புருஷன், வைத்த பெயர். மூன்று வயது முடியப்போகிறது. சுவரில் இருக்கிற உயரப் பலகையில் நிறுத்தினால் தலை இரண்டு வயதுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

“பலகையை ஒசத்தி ஆணி அடிச்சிருக்காங்க,” என்பாள்.

வயதுக்கேற்ற உயரம் இல்லாத பதினெட்டுப் பிள்ளைகளை நர்ஸம்மா தனியாகப் பிரித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்லோருக்கும் வைட்டமின் ஏ குறைவு. அம்மாக்களை உட்காரவைத்துப் பேசினார்.

“இது கொறஞ்சா கண்ணு கெடும். சின்ன சளி வந்தாக்கூட பெருசாகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து குடுக்கறோம், கூப்பிட்டா பாதிப் பேர் வர்றதில்ல. அதனால சாப்பாட்டுலயே சரி பண்ணப் பாக்கறோம். பொடிமீன்ல இந்தச் சத்து கொட்டிக் கெடக்கு. மீனை நாங்களே தர்றோம். எட்டு வாரம், தினம் ஒரு வேளை. நல்லா சுத்தம் பண்ணி, முழுசா குடுங்க. புரிஞ்சுதா?”

எல்லோருக்கும் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

சுத்தம் என்றால் அக்காவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சோப்பைக் கழுவி வைக்கிறவள். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதையெல்லாம் வழித்து, கல்லுப்புப் போட்டு உரசி, ஐந்து தண்ணீரில் அலசுவாள். கடைசியில் அது வெள்ளை வெளேரென்று சாக்பீஸ் துண்டு மாதிரி ஆகிவிடும். தலையும் குடலும் பின்வாசலில் பூனைக்கு. அந்தப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும். மாமா மிக்ஸி ரிப்பேர் கடை வைப்பதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே பட்டதையெல்லாம் இந்தப் பெயரில் தீர்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். தேதி, மீன் எத்தனை, பிள்ளை சாப்பிட்டது எத்தனை, மிச்சம் எத்தனை, பிற குறிப்பு என்று ஐந்து கட்டம்.

“எப்பப் பாத்தாலும் எதையாவது கிறுக்கிக்கிட்டுத்தானே இருக்க. இதையும் கிறுக்கு,” என்று அக்கா நோட்டை என் மடியில் போட்டாள்.

‘பிற குறிப்பு’ கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. எனக்கு அது போதவில்லை. குறிப்பு ஓரத்தில் ஏறி, பின்பக்கம் இறங்கி, அடுத்த நாளின் கட்டத்துக்குள் குடிபோனது. நான்காவது வாரம் நோட்டில் இடம் தீர்ந்து, குறிப்புக்கென்று வேறு தாள்களை ஊசி நூலால் பின்னால் தைத்துச் சேர்த்தேன். நர்ஸம்மா வாராவாரம் எண்களை மட்டும் பார்ப்பார். கொடுத்தது பன்னிரண்டு, சாப்பிட்டது பன்னிரண்டு, மிச்சம் இல்லை. பச்சை மையில் ஒரு டிக். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் நான் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளினேன்.

ஐந்தாவது வாரத்தில்தான் அதைக் கவனித்தேன். பொழுது சாய்ந்தால் சுண்டு இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். யார் பக்கத்தில் வந்தாலும் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறாள். பகலெல்லாம் கால் தரையில் பாவாமல் ஓடுகிறவள்.

“மகாராணிக்குப் பல்லக்கு வந்தாத்தான் எழுந்திருப்பாங்க,” என்று மாமா சிரித்தார்.

“அடம். அப்படியே உங்க வீட்டு ரத்தம்,” என்றாள் அக்கா.

மறுநாள் மங்கலான நேரத்தில், சுண்டுவுக்கு முன்னால் ஒரு பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. பிஸ்கட்டை எடுக்காத சுண்டுவை நான் பார்த்ததே கிடையாது. அதன்மேலேயே கையை ஊன்றி நகர்ந்தாள். அது நொறுங்கிய பிறகு விரலை நக்கிப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று தரையைத் தடவினாள். துண்டு இருந்த பக்கத்தை விட்டு மற்ற பக்கமெல்லாம் தடவினாள். நான் எழுந்து விளக்கைப் போட்டேன். ஒரே தாவலில் எல்லாத் துண்டையும் பொறுக்கிவிட்டாள்.

அடுப்படிக்குப் போனேன்.

“அக்கா… சுண்டுக்கு…”

“என்ன?”

“சாயங்காலமானா…”

“சாயங்காலமானா தண்ணி பிடிக்கணும். எனக்குத் தெரியாதா? குடத்தை எடு.”

குடத்தை எடுத்தேன். தண்ணீர் பிடித்து வந்து, பிற குறிப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் எழுதினேன். இன்று கதவில் முட்டிக்கொண்டாள். இன்று மாமாவைத் தேடி மாமாவின் சட்டை தொங்கிய ஆணியிடம் போனாள். நர்ஸம்மா நோட்டை வாங்கினார், எண்களைப் பார்த்தார், டிக் போட்டார். அதுவரை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தைரியமாக இருந்தவள், யாராவது படித்துத் தொலைக்க மாட்டார்களா என்று தவிக்க ஆரம்பித்தேன்.

எட்டு வாரம் முடிந்தது. ரத்தம் முன்கூட்டியே எடுத்திருந்தார்கள். கடைசி நாள் பதினெட்டு அம்மாக்களும் இரண்டாவது அறையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு பிள்ளையாக அளந்தார்கள். அக்கா அன்று சுண்டுவுக்கு உச்சந்தலையில் ஒரு கொண்டை போட்டு, அதற்குமேல் ரிப்பனும் கட்டியிருந்தாள். நர்ஸம்மா கொண்டையை உள்ளங்கையால் அமுக்கினார். கை கீழே போகப் போக அக்காவின் முகமும் கீழே போனது.

“ஒசரம் மெதுவாத்தான் ஏறும், அதை விடுங்க,” என்று நர்ஸம்மா தாளைப் புரட்டினார். “ஆனா ரத்தத்துல சத்து ஏறியிருக்கணுமே? இருந்த இடத்துலயே இருக்கு. மீனைப் பிள்ளைக்குக் குடுத்தீங்களா, இல்ல நீங்க சாப்பிட்டீங்களா?”

அக்கா இடுப்பில் கை வைத்தாள். அக்கா இடுப்பில் கை வைத்தால் மாமா கடைக்குக் கிளம்பிவிடுவார். நர்ஸம்மாவுக்கு அது தெரியாது.

“யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க? ஒரு முள்ளு என் வாயில பட்டிருந்தா என்னை ஏன்னு கேளுங்க. நீங்க சொன்ன மாதிரியே நல்லா சுத்தம் பண்ணி, முழுசா குடுத்தேன். சந்தேகமா இருந்தா நோட்டைப் படிங்க. என் தங்கச்சிக்குப் பேசத்தான் வராது. எழுத்துல பொய் வராது.”

நர்ஸம்மா நோட்டைத் திறந்தார். முதல் தடவையாகக் கடைசிக் கட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். சத்தமாகவே படித்தார்.

“‘மீன் பன்னிரண்டு. சாப்பிட்டது பன்னிரண்டு. பிற குறிப்பு: அக்கா இன்று மீனை ஐந்து தடவை அலசினாள். ஆறாவது தடவை அலசியிருந்தால் மீன் காணாமல் போயிருக்கும்.’”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“‘பிற குறிப்பு: மேனேஜர் இன்றும் பன்னிரண்டு தலை சாப்பிட்டார். மேனேஜரின் முடி பளபளக்கிறது. கண் டார்ச் லைட் மாதிரி எரிகிறது. ஒரு மாதத்தில் ஒரு சுற்று பெருத்துவிட்டார். இப்போது ஜன்னல் கம்பிக்குள் நுழைய முடியாமல் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துகிறார்.’ யாரும்மா இந்த மேனேஜர்?”

“பூனை.”

“பூனைக்கு எதுக்குத் தலை?”

“பின்ன, தலையைப் பிள்ளைக்கா குடுப்பாங்க?”

நர்ஸம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அம்மா தாயே, இந்தப் பொடிமீன்ல வைட்டமின் ஏ இருக்கறதே அந்தக் கண்ணுலயும் தலையிலயும் வயித்துலயும்தான். அதைக் கிள்ளி பூனைக்குப் போட்டுட்டுப் பிள்ளைக்கு எதைக் குடுத்தீங்க?”

“நீங்கதானே சுத்தம் பண்ணச் சொன்னீங்க?”

“சுத்தம்னா கழுவுறது!”

“கழுவுறதுன்னா கழுவுறதுன்னு சொல்லணும். மீனைச் சுத்தம் பண்றதுன்னா தலையைக் கிள்ளி, குடலை எடுக்கறது. மார்க்கெட்டுல போய் நில்லுங்க. ‘சுத்தம் பண்ணித் தரவா’ன்னு கேட்டுட்டு, சும்மா தண்ணியில முக்கியா தர்றாங்க?”

“அதுக்குத்தானே முழுசான்னு சொன்னேன்!”

“முழுசாத்தான் குடுத்தேன். பன்னெண்டுல ஒண்ணுகூட கொறைக்கல.”

நர்ஸம்மா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுறவு உண்டானது. பிறகு மற்ற அம்மாக்களைப் பார்த்துக் கேட்டார்.

“தலையோட குடுத்தவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை.

“எங்க வாத்து ரெண்டும் திடீர்னு கொழுத்துருச்சேன்னு நான்கூட யோசிச்சேன்,” என்றார் இரட்டைப் பிள்ளைக்காரம்மா.

வெகு நேரம் கழித்து மூலையில் தையல்காரம்மாவின் கை பாதி எழுந்தது. “நான் குடுத்தேன். அவ்வளவு பொடிசை யாரு கிள்ளிக்கிட்டு இருக்கறதுன்னு சோம்பல். ஒரு அலசு அலசி அப்படியே போட்டுருவேன். திட்டுவீங்கன்னு சொல்லல.”

நர்ஸம்மா அவருடைய மகனின் தாளைத் தேடி எடுத்தார். ரத்தத்தில் சத்து நன்றாக ஏறியிருந்தது. பதினெட்டு வீட்டில் ஒரு வீடு. சுத்தத்துக்குப் பெயர்போன பதினேழு பேரும் தையல்காரம்மாவைப் பார்த்த பார்வையில் அவர் சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

நர்ஸம்மா நோட்டை மூடப் போனார். அப்போது தைத்த தாள்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். புரட்டினார். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒரு பக்கம், இன்னொரு பக்கம். சிரிப்பு முகத்திலிருந்து வடிந்துபோனது.

“இங்க வா,” என்றார் என்னிடம். “இந்த பிஸ்கட் விஷயம். எத்தனை நாளா இப்படி?”

அறையே என்னைப் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன்.

“ஆட்டாத. சொல்லு.”

“இருபத்திரண்டு நாள்,” என்றேன். தொண்டை கரகரத்து, கதவு உரசுகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அன்று மையத்துக்கு டாக்டர் வருகிற நாள். அவர் சுண்டுவின் இமையை விலக்கி, சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார். “கண்ணுல புண் இல்ல. நல்ல நேரத்துல வந்தீங்க. இது மாலைக்கண். இன்னும் விட்டிருந்தா பகல்லயும் தெரியாமப் போயிருக்கும்,” என்றார். ஒரு குழாய் மாத்திரையின் நுனியைக் கத்தரித்து, எண்ணெய் மாதிரி இருந்த சொட்டு மருந்தைச் சுண்டுவின் நாக்கில் பிழிந்தார். இன்று ஒன்று, நாளை ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. வீட்டில் மீன், இனிமேல் தலையோடு.

அக்காவின் கை இடுப்பிலிருந்து எப்போதோ இறங்கியிருந்தது. சுண்டுவை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, “அடம்னு சொன்னேன். அடம்னு சொல்லி அடிச்சேன்,” என்று தரையிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் என் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டி, என்கிட்ட சொல்லாம ஊருக்கே சொல்லியிருக்க?”

“சொன்னேன்.”

“எப்ப?”

“நீ குடம் எடுக்கச் சொன்னப்ப.”

அதற்குப் பிறகு நாலு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. எல்லாம் சுண்டு வழியாகத்தான். “சுண்டு, உன் சித்திகிட்ட உப்பை எடுக்கச் சொல்லு.” “சுண்டு, உன் சித்திக்கு சோறு வேணுமா கேளு. வேணும்னா வாயைத் திறந்து கேக்கச் சொல்லு, நோட்டுல எழுதி நீட்ட வேணாம்னு சொல்லு.” சுண்டு எதையும் சொல்ல மாட்டாள். நான் உப்பை எடுத்துக் கொடுப்பேன்.

தலையோடு சமைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதைச் சுண்டுவின் வாயில் போடுவதுதான் பெரும்பாடு. தட்டைப் பார்த்தாள். தட்டு அவளைப் பார்த்தது.

“மீனு முழிக்குது,” என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அக்கா கண்ணைச் சோற்றால் மூடிப் பார்த்தாள். குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தாள். “அது தூங்குதுடி தங்கம்,” என்று மாமா தாலாட்டுப் பாடிக் காட்டினார். “முழிச்சுக்கிட்டு தூங்குது,” என்றாள் சுண்டு. மூன்றாம் நாள், மீனைத் தலையும் வயிறுமாக அப்படியே வேகவைத்து, ஈரம் போக வறுத்து, மாவாக அரைத்துக் கஞ்சியில் கலந்துவிடலாம் என்று அக்காவே கண்டுபிடித்தாள். அரைத்தால் கண் தெரியாது.

எங்கள் வீட்டு மிக்ஸி முதல் சுற்றிலேயே மூச்சை விட்டது. மிக்ஸி ரிப்பேர்காரர் வீட்டு மிக்ஸி எப்போதும் ரிப்பேரில்தான் இருக்கும். மாமா மீனைக் கடைக்கு எடுத்துப்போனார். ரிப்பேர் முடிந்த மிக்ஸியை ஓட்டிப் பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்? வெறுமனே ஓட்டுவானேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மீனைப் போட்டு ஓட்டினார். பொடி பட்டுப்போல வந்தது. ஆனால் அந்த வாரம் கடையிலிருந்து போன மிக்ஸி எதில் தேங்காய் அரைத்தாலும் கடல் வாசனை. ஒரு வாடிக்கையாளர் ஜாரைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தார்.

“ஏன்யா, மோட்டார் மாத்தச் சொன்னா மீன்குழம்பு வச்சியா?”

“மோட்டார் புதுசுங்க. வாசனை ஒரு வாரத்துல போயிடும். உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா? இருந்தா நல்லது,” என்றார் மாமா.

சுண்டு பொடி கலந்த கஞ்சியைக் குடித்தாள். ஆனால் கண் சரியானதா என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குப் பயம். நாலு மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுவாள். பொழுது சாய்வதற்குள் மாமா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்வார், தூங்கும்வரை இறக்க மாட்டார். விளக்கை அணைத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்ல மூன்று பேருக்கும் வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் நர்ஸம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். “பிள்ளையைக் கீழ விடுங்க. ஒரு விளக்கும் போடக் கூடாது. சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருப்போம், அது என்ன பண்ணுதுன்னு பாப்போம்,” என்றார்.

மாமா சுண்டுவைக் கண்ணாடி ஜாரை வைப்பது போலத் தரையில் வைத்தார். அவள் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தோம். அறைக்குள் இருட்டு மெல்ல ஏறியது. அக்காவின் விரல் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“பொடி தினமும் ரெண்டு ஸ்பூன் குடுக்கறேன். சரியாகலைன்னா அது பொடி குத்தமில்ல.”

“பொடி நல்லதுதான். ஆனா சட்டுனு வேலை செய்யறது சொட்டு மருந்துதான்,” என்றார் நர்ஸம்மா.

“சொட்டு ரெண்டே ரெண்டு நாள் குடுத்தீங்க. பொடி ஆறு நாளா போகுது.”

“அம்மா, சொட்டு கண்ணைத் திருப்பித் தரும். பொடி மறுபடி கெடாமப் பாத்துக்கும். ரெண்டும் வேற வேற வேலை.”

“அப்ப சரியானா பேரு உங்களுக்கு, கஷ்டம் எனக்கா? மத்த பதினேழு வீட்டுக்கும் பொடி செய்யச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“மிக்ஸி என்னுது,” என்றார் மாமா. “கணக்குப் பாத்தா, கடை வாடிக்கையாளர்கள் பதினொரு பேருக்கும் இதுல பங்கு இருக்கு.”

“நீங்க சும்மா இருங்க. மொதல்ல சுத்தம்னு சொல்லிக் கெடுத்தது யாரு, அதைச் சொல்லுங்க!” அக்கா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். மாமா வழக்கம்போலக் கிளம்பப் பார்த்து, இன்று வழியில்லாமல் உட்கார்ந்தார்.

“நான் சொன்னது தமிழ்தானே!”

“தமிழ்தான். அடுப்படித் தமிழ் இல்ல!”

மூன்று பேரும் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத இருட்டில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சுண்டு எழுந்தாள்.

முதலில் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு நர்ஸம்மாவின் பையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மாமா நீட்டியிருந்த காலைப் பார்த்து, தன் காலை உயரத் தூக்கித் தாண்டினாள். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு குவியலாகக் கிடந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் குவியலிலிருந்து தன்னுடையதை மட்டும் இழுத்தாள். மாட்டினாள். இடமும் வலமும் மாறியிருந்தது. குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். கழற்றி, மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

நான் அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அக்கா அப்போது இரட்டைப் பிள்ளைக்காரம்மா வீட்டு வாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

சுண்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், எதையும் பிடிக்காமல், இரண்டு படியையும் இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.